கல்யாணக் கோட்டுப் போராட்டம்

"நாலு பேர் பாக்கற எடத்துல அவுத்துப் போட்டுகினு நிக்கப் போறியா? பொண்ணுக்கு அடுத்த வாரம் நிச்சயம்யா!"

ஃப்ளோரன்ஸ் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஐரீன் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கே வந்துவிட்டாள். இந்த மாதிரிச் சண்டையை ஜன்னல் வழியாகக் கேட்டால் பாதிதான் கிடைக்கும்.

"முழுசா அவுத்தாதான்டி ஆபீஸ்காரன் மெரளுவான்," என்றார் அவள் கணவர் அருள்பிரகாசம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். தெருச் சங்கத் தலைவர்.

மூன்று மாதமாக ராயபுரத்தின் அந்தச் சந்தில் குழாயைத் திறந்தால் சாக்கடைதான். அதற்காகப் போன திங்கட்கிழமை இருபது பேரைத் திரட்டி, வார்டு ஆபீஸ் வாசலில் அரை நிர்வாணப் போராட்டம் நடத்தினார். இருபது பேரும் காசிமேட்டில் படகுக்குப் போகிறவர்கள், வருஷம் முழுக்கச் சட்டை போடாதவர்கள் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. காரிலிருந்து இறங்கிய இன்ஜினியர், "இன்னிக்கு வஞ்சிரம் வந்துச்சாப்பா?" என்று விசாரித்துவிட்டு மாடி ஏறிவிட்டார்.

ஆகவே இந்தத் திங்கள் முழு நிர்வாணம். நோட்டீஸே ஒட்டியாயிற்று.

ஃப்ளோரன்ஸின் கவலை வேறு. வார்டு ஆபீஸுக்கு நேர் எதிரே தவசிமுத்துவின் மளிகைக் கடை. அவர் மகன் ஜெபசிங்குக்குத்தான் மகள் ஆன்சியைப் பேசியிருந்தது. திருச்செந்தூர்ப் பக்கத்து மனிதர். ஜாக்கெட்டில் முதுகு தெரிந்தாலே முகம் சுளிப்பவர். கடையில் உட்கார்ந்தபடியே சம்பந்தியை முழுசாகப் பார்த்தால் கல்யாணம் நடக்குமா?

"நீ அவுத்தா ஆபீஸ்காரன் மூஞ்சியத் திருப்பிக்குவான். மூஞ்சியத் திருப்பிக்கினவன் மனுவ எப்டிய்யா படிப்பான்?"

"அப்ப இன்னாதான் பண்ண சொல்ற?"

"போட்டுகினு போ."

"இன்னாத்த?"

"கல்யாணக் கோட்ட."

அருள்பிரகாசம் சிரித்தார். ஃப்ளோரன்ஸ் அதை ஐரீனிடம் மட்டும்தான் சொன்னாள். அதுவே போதுமானதாக இருந்தது. ஞாயிறு பூசை முடிவதற்குள் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்துவிட்டது. திங்கள் காலை அந்தத் தெருவில் காய்ந்த லுங்கி ஒன்றுகூட இல்லை. எல்லாம் பக்கெட்டில் ஊறின. பீரோவில் பாக்கி இருந்தது அவரவர் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டும் பேண்டும்தான்.

மே மாத வெயிலில் அந்துருண்டை வாசத்தோடு இருபது கோட்டுகள் தார் ரோட்டில் உட்கார்ந்தன. ஒருவருக்கும் தொப்பை மேல் பொத்தான் எட்டவில்லை. வேன் நிறையப் போர்வையோடு வந்த போலீஸ், யாரைப் போர்த்துவது என்று தெரியாமல் நின்றது. டெல்லியிலிருந்து யாரோ ஆய்வுக்கு வந்துவிட்டார்கள் என்று இன்ஜினியர் படியிறங்கி ஓடிவந்து, இருபது நாற்காலி போடச் சொன்னார். விஷயம் புரிவதற்குள் அவர் ஒரு கையில் மனு, மறு கையில் கறுப்புத் தண்ணீர் டம்ளர், எதிரே டிவி கேமரா.

"குடி சார்," என்றார் அருள்பிரகாசம் மரியாதையாக.

பன்னிரண்டு மணிக்கு அருள்பிரகாசமே தலை சுற்றிச் சாய்ந்தார். தவசிமுத்து பன்னீர் சோடாவோடு ஓடிவந்து கோட்டைக் கழற்றப் பார்த்தார். அருள்பிரகாசம் காலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அவுக்காதீங்க சம்பந்தி. போராட்டம் நடந்துகினு கீது."

"இந்த வெயில்லயும் கழத்த மாட்டேங்காரே!" தவசிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இவருல்லா மானஸ்தன்!"

ஃப்ளோரன்ஸ் போலீஸ் வேனிலிருந்த போர்வைகளை மறைத்தாற்போல் நகர்ந்து நின்றாள்.

புதன்கிழமை தெருவைத் தோண்டிப் புதுக் குழாய் போட்டார்கள். ஆகஸ்டில் ஆன்சி, ஜெபசிங் கல்யாணம். அருள்பிரகாசம் கோட்டைத் தொடமாட்டேன் என்று அடம்பிடித்து வேட்டியில் வந்தார். இன்ஜினியர் அம்பத்தூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அங்கே கோட்டு போட்டு யார் வந்தாலும், இன்ஷூரன்ஸ் ஏஜெண்டே ஆனாலும், எழுந்து நின்றுவிடுகிறாராம். இதைச் சொன்ன ஐரீனுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.