ஆரஞ்சுக்கு ரெண்டு நாள் அவகாசம்

பழக்கிடங்கு நடத்துகிறவளுக்கு நாத்தனார் மேல் அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. பழங்களுக்கு வரும் நோய்களை ஆராய்கிறவள் அந்த நாத்தனார். போன முறை அவள் கொண்டுவந்து மாட்டிய புற ஊதா விளக்கு ஒரு கூடை ஆரஞ்சின் தோலைப் பொசுக்கிவிட்டது. "நல்லா வறுத்துக் குடுத்திருக்கா உங்க தங்கச்சி" என்று புருஷனிடம் சொல்லிச் சொல்லிக் காட்டினாள். அவன் எந்தப் பக்கமும் சாயாமல் சோற்றுத் தட்டிலேயே கண்ணாயிருந்தான்.

இந்த முறை நாத்தனார் வெளிச்சத்தை வெகுவாகக் குறைத்திருந்தாள்.

"இது பூசணத்தைக் கொல்றதுக்கு இல்ல அண்ணி. தோலுக்கு லேசா ஒரு அதட்டல். ஆபத்து வருதுன்னு அதுவே எதிர்ப்பைத் தயார் பண்ணிக்கும்."

"பறிச்ச பழத்துக்கு ஏதுடி உசிரு?"

"இருக்கு. இன்னும் மூச்சு விட்டுட்டுதான் இருக்கு."

அண்ணி விளக்கடியிலிருந்து சில பழங்களை வீட்டுக்கு எடுத்துப் போய், அப்போதே ஊசியால் குத்தி, அழுகிய பழத்திலிருந்த பச்சைப் பூசணத்தைக் காயத்தில் தடவிவைத்தாள். சில நாளில் அத்தனையும் பச்சையாகிப் போயின. முதலில் ஜெயித்த மாதிரி இருந்தது. பிறகு சப்பென்று ஆகிவிட்டது. கிடங்கில் அழுகிக் கொட்டுவதெல்லாம் தன் பழம்தானே?

அழுகிய பழங்களை ஒரு தட்டில் வைத்து நாத்தனாரிடம் கொண்டுபோய் நீட்டினாள். நாத்தனார் முகம் சுளிக்கவில்லை.

"எப்ப குத்துனீங்க?"

"வெளிச்சம் காட்டின கையோட."

"அது சுதாரிக்கிறதுக்குள்ள அடிச்சிட்டீங்களே! ரெண்டு நாள் விட்டுக் குத்துங்க. வெளிச்சமே படாத பழத்தையும் கூடக் குத்திப் பாருங்க."

அப்படியே செய்தாள். வெளிச்சம் படாதவை பூசணம் பூத்து நின்றன. பட்டவற்றில் பெரும்பாலானவற்றின் காயம் பழுப்பாகக் காய்ந்து மூடியிருந்தது. இரண்டு மட்டும் அழுகியிருந்தன. அவற்றைத்தான் முதலில் எடுத்துக் காட்டினாள்.

"இது ரெண்டும் போயிடுச்சு."

"போகும் அண்ணி. எல்லாத்தையும் காப்பாத்தும்னு சொன்னா அது பொய். போன தடவை நான் அவசரப்பட்டதும் தப்புதான்."

அந்தப் பேச்சில்தான் அண்ணியின் மனம் இளகியது. காய்ந்த காயங்களைக் கூட அவ்வளவு நம்பவில்லை அவள்.

அடுத்த அறுவடைப் பழம் விளக்கடிக்கு வந்த அன்றே லாரிக்காரர் வாசலில் ஹாரன் அடித்தார்.

"நாளன்னிக்கு வாங்கண்ணே."

"ஏம்மா, பழம் பழுத்துதானே இருக்கு?"

"பழுத்திருக்கு. பயணத்துக்கு இன்னும் தயாராகல."

அவர் முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார். சிரித்துக்கொண்டு நின்ற நாத்தனாரை அண்ணி அதட்டினாள்: "வேடிக்கை பாக்காம இந்தப் பழத்தையெல்லாம் உருட்டி விடுடி. அடிப்பக்கம் வெளிச்சமே படல."