கல்லில் ஓர் இடம்

கயிறு என் கையில் இருக்கிறது, மறுமுனை கல்லைப் போர்த்திய நீலத் துணிக்குள் போய் மறைந்திருக்கிறது, காற்று உள்ளே புகுந்து துணியை ஊதுகிறது, யாரோ மூச்சு விடுவது போல அது எழும்பி எழும்பி அமிழ்கிறது, இழுக்கலாமா, இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டுமா, பேண்டு வாத்தியக்காரர்கள் கன்னம் உப்பக் காத்திருக்கிறார்கள், கலெக்டர் பக்கத்தில் நின்று புன்னகைக்கிறார், பஜார் முழுக்கத் தலைகள், மாடிகளில், வேப்பமரக் கிளைகளில், ஓரங்கட்டிய லாரிகளின் மேல், இவ்வளவு பேரும் எங்கள் ஊரில்தான் இருந்தார்களா, நெஞ்சு அடிக்கிற அடியில் தோளில் குத்திய ஊக்கு தெறித்துவிடும் போலிருக்கிறது, இன்னா தங்கச்சி, கனவு கண்டுக்கினு நிக்கிற, இழு என்கிறார் தயாளன் அண்ணன், பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், இந்தக் கல்லுக்காகச் சுற்றுப்பட்ட கிராமமெல்லாம் அலைந்தவர், நான் இழுக்கிறேன், துணி சரிகிறது, மேலிருந்து பெயர்கள் வருகின்றன, மெசபடோமியாவில் விழுந்தவர்கள், பர்மாவில் விழுந்தவர்கள், சீனச் சண்டை, வங்கதேசச் சண்டை, யாருடைய தாத்தாவோ, யாருடைய மாமனோ, கண் எல்லாவற்றையும் தாண்டித் தாவுகிறது, நீலம் இன்னும் சரிகிறது, அதோ, அதோ என் அண்ணன், டிரைவர் கோ. முனிரத்தினம், யாழ்ப்பாணம், 1987, வெட்டிய எழுத்துகளில் கல்தூள் இன்னும் வெள்ளையாக ஒட்டியிருக்கிறது, எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை, இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்துவிட்டேன், பேரன் எடுத்த பொம்பளை, கலெக்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வாத்தியக்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள், ஒரு நொடி எல்லாம் நின்றுபோகிறது, பிறகு பஜாரே கை தட்டுகிறது, லாரி மேல் நிற்பவர்கள் பதிலுக்கு விசிலடிக்கிறார்கள், டிரம் அதிர்கிறது.

அண்ணன்தான் விசிலடிக்கச் சொல்லிக்கொடுத்தான், முதல் லீவில் வந்தபோது, நாக்க மடக்கு பாப்பா, மடக்கி ஊது, எச்சில்தான் வருது என்று சிரித்தான், அம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தாள், பொட்டப் புள்ளைக்கு எதடா கத்துத் தர, அவன் வாசலைத் தாண்டி ஓடினான், நானும் ஓடினேன், இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறேன், தெருவில் புழுதி, புளியமரத்து நிழல், நின்று திரும்பிப் பார்த்தால் அவன் இல்லை, ஒரு ஜீப் வந்து நிற்கிறது, இரண்டு பேர் இறங்குகிறார்கள், ஒருவர் கையில் சின்ன மரப்பெட்டி, உடம்பு வரவில்லை, அங்கேயே எரித்துவிட்டார்கள், சாம்பல்தான் வந்தது, அப்பா அதை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டார், எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்காரர், எந்தச் சாவுக்கும் தாரை தப்பட்டையோடு கூட்டம் கூடும், அன்று கதவுகள் சாத்தியிருந்தன, சட்டையில் கறுப்புத் துணி குத்திய சிலர் டீக்கடை வாசலில் நின்றிருந்தார்கள், தமிழனைச் சுடப் போன தமிழனுக்கு மாலை வேற கேடா என்று ஒருவன் சொன்னது என் காதில் விழுந்தது, அப்பா திரும்பவில்லை, நடந்தார், அம்மாவும் நானும் பின்னால், அப்போது தயாளன் அண்ணன் லீவில் வந்திருந்தார், அவர் மட்டும் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவந்து சேர்ந்துகொண்டார், பாலாற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை, அப்பாவும் அவரும் மணலைக் கையால் தோண்டினார்கள், இடுப்பளவு போனபின் ஊற்று கசிந்தது, கலங்கி, பிறகு தெளிந்து, அந்தக் கொஞ்சம் தண்ணீரில் அண்ணனைக் கரைத்தோம், திரும்பி வரும்போது அம்மா சொன்னாள், யார் கேட்டாலும் பார்டர்ல செத்துப் பூட்டான்னு சொல்லு, எந்த பார்டர்னு சொல்லாத, சொல்லவில்லை, கட்டிக்கொண்டவரிடம் மட்டும் சொன்னேன், பிள்ளைகளுக்குக்கூட பார்டர்தான், அப்பா போனார், அம்மா போனாள், பார்டர் மட்டும் அப்படியே இருந்தது.

அதனால்தான் தயாளன் அண்ணன் வீட்டுக்கு வந்து, முனிரத்தினம் பேரும் வருது தங்கச்சி, ஊரும் போட்டு வருது என்றபோது எனக்குக் கால் தரிக்கவில்லை, கல் வைப்பது பற்றிப் பேசிய கூட்டத்தில் சில பையன்கள் எதிர்த்தார்களாம், அந்தச் சண்டையில செத்தவன் பேரு எதுக்குன்னு கேட்டார்களாம், இவர் எழுந்து நின்று, அரிசி மூட்டை ஏத்திக்கினு போன லாரிக்காரன்யா அவன், அனுப்பின எடத்துக்குப் போனான், அனுப்பினவன் கிட்ட போய் கேளு, அவன் பேரு இல்லாத கல்லு எனக்கு வேணாம் என்றாராம், துணியை நீதான் இழுக்கணும் என்று வேறு சொல்லிவிட்டுப் போனார், மறுநாள் ஷூ கம்பெனியில் மிஷின் ஓடுகிற சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி எல்லோரையும் அழைத்தேன், எங்க அண்ணனுக்குக் கல்லு வெக்கிறாங்க, எல்லாரும் வரணும், ஆளுக்கு ஒரு பூ எடுத்துக்கினு வரணும், பக்கத்து மிஷினில் உட்காரும் தவமலர் தோல் துண்டை நகர்த்திக்கொண்டே, நான் வராமல் ஆர் வாறது அக்கா என்று சிரித்தாள், அகதி முகாமிலிருந்து வருகிறவள், சிறுபெண்ணாகப் படகேறி வந்தவள், என் மகள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் என்னோடு கண்விழித்தவள், அவளுக்கும் ஓர் அண்ணன் இருந்து இறந்துபோனான் என்று தெரியும், எப்படி என்று நான் கேட்டதில்லை, என் அண்ணன் எந்த பார்டரில் என்று அவளும் கேட்டதில்லை, சந்தோஷத்தில் பொங்கிக்கொண்டிருந்த எனக்கு அது நினைவுக்கே வரவில்லை.

இப்போது நினைவுக்கு வருகிறது, கலெக்டர் மலர்வளையம் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார், சனம் வரிசையாக வந்து பூ வைக்கிறது, கம்பெனிப் பெண்கள் என்னைக் கட்டிக்கொள்கிறார்கள், இன்னாம்மே விசிலடிச்ச நீ என்று கன்னத்தைக் கிள்ளுகிறார்கள், நான் சிரித்துக்கொண்டே திரும்புகிறேன், தவமலர் கல்லுக்கு முன்னால் நிற்கிறாள், கையில் ஒற்றைச் செவ்வந்தி, குனிந்து வாசிக்கிறாள், அவள் உதடு அசைவதை நான் பார்க்கிறேன், முனிரத்தினம், பிறகு அவள் ஊரின் பெயர், அங்கே உதடு நின்றுவிடுகிறது, என் சிரிப்பு முகத்திலேயே காய்ந்துபோகிறது, பேண்டு வாசிக்கிறது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, போய்விடுவாள், பூவைக் கீழே போட்டுவிட்டுப் போய்விடுவாள், நாளைக்குப் பக்கத்து மிஷின் காலியாக இருக்கும், கூட்டத்தை இடித்துக்கொண்டு அவளிடம் ஓடுகிறேன், மலரு, மலரு, நான் உங்கிட்ட சொல்லியிருக்கணும், அவள் நிமிரவில்லை, எங்கட அண்ணாவும் அந்த வருசம் ஐப்பசியிலதான் போனவர் அக்கா என்கிறாள், மெதுவாக, மிஷினில் நூல் கோக்கும்போது பேசுகிற அதே குரலில், மண்ணெண்ணெய் வாங்கப் போனவர், சைக்கிளில, ஷெல் விழுந்தது, ஆர் அடிச்சதெண்டு ஆருக்குத் தெரியும், இரண்டு பக்கமும் அடிச்சுக்கொண்டுதானே இருந்தவை, அம்மா கடைசிவரைக்கும் அந்தச் சைக்கிளைத்தான் தேடினவ, நான் இன்னும் நெருங்கிப் போகிறேன், நீ பூ வெக்க வேணாம் மலரு, வா, வீட்டுக்குப் போலாம் என்று அவள் கையைப் பிடிக்கிறேன், அவள் விடுவித்துக்கொள்கிறாள், இல்லை அக்கா, நான் வைக்கோணும், அவருக்கு ஒரு கல்லும் இல்லை, ஊரில ஒரு பிடி மண்கூட இல்லை, இதில அவருக்கெண்டு வைச்சால், நிமிர்ந்து என் கண்ணைப் பார்க்கிறாள், உங்கட அண்ணா கோவிப்பாரோ?

கோவிப்பானா, அவனா, எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வருகிறது, அவன் லாரிக்காரன் மலரு, வழியில யாரு கை காட்டினாலும் ஏத்திக்கினு போறவன், வெய்யி, நீ வெய்யி, உங்க அண்ணன் பேரு இன்னா, இத்தினி வருசமா நான் கேக்கவே இல்லயே, ஞானசீலன் என்கிறாள், ஞானசீலன் என்று நானும் சொல்லிப் பார்க்கிறேன், வாய்க்குள் நன்றாக இருக்கிறது, இன்னொரு தரம் சத்தமாகச் சொல்கிறேன், பேண்டு அந்நேரம் பார்த்து நின்றுவிட, ஞானசீலன் என்ற பெயர் பஜாருக்கே கேட்கிறது, தயாளன் அண்ணன் கம்பீரமாகத் திரும்பி வருகிறார், எந்த ரெஜிமெண்ட் தங்கச்சி, நம்ம லிஸ்டுல இல்லயே, விட்டுப்போச்சா என்று பதறுகிறார், ரெஜிமெண்ட் இல்லண்ணா, இவங்க அண்ணன், யாழ்ப்பாணத்துல, சைக்கிள்ல போனவரு, அவர் மலரைப் பார்க்கிறார், கல்லைப் பார்க்கிறார், மறுபடி மலரைப் பார்க்கிறார், அவருடைய தாடை இறுகுகிறது, என் நெஞ்சு மறுபடி அடிக்கத் தொடங்குகிறது, அவர் முட்டி வலிக்க மெல்லக் குனிகிறார், கலெக்டர் வைத்த பெரிய மலர்வளையத்தை இரண்டு கையாலும் பிடித்து ஓரமாக நகர்த்துகிறார், கல்லின் அடியில் ஒரு பூ வைக்கிற அளவுக்கு இடம் வருகிறது, இங்க வெய்யி தாயி என்கிறார், மலர் குனிகிறாள்.