அலமாரிக்கு வந்த இருமல்

அந்தப் பாட்டைப் பதிவு செய்ய இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. நாடகம் ஒன்றுக்கான சோகப் பாட்டைப் பாடி முடித்தபோது, ஒலிப்பதிவுக் கூடத்தை வாடகைக்கு எடுத்திருந்த நேரத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சும்மா இருப்பானேன் என்று இசையமைப்பாளர் மேசையில் தாளம் தட்ட, பாடகர் வாய்க்கு வந்ததைப் பாடினார்:

"எங்க வீட்டு அலமாரிக்கு ஏழு நாளா இருமல்,
கதவத் தொறந்து பாத்தா உள்ள சட்டைக்கெல்லாம் தும்மல்."

பின்பாட்டுக்கு நின்ற பாடகரின் மனைவிக்கு அன்று கடுமையான சளி. இரண்டு வரிக்கும் நடுவில் அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல், தாளம் பிசகாமல் "லொக்கு லொக்கு" என்று இருமிவிட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். "இதை அழிச்சா பாவம்யா" என்று நாடாவைப் பத்திரப்படுத்தினார்.

வானொலியில் ஒரே ஒரு தடவைதான் போட்டார்கள். மறுநாளே பேருந்து நடத்துநர்கள் இருமிக்கொண்டே சீட்டு கிழித்தார்கள். பிறகு வந்த இசைத்தட்டின் உறையில் பாடகர் பெயர் மட்டும் இருந்ததால், இருமலும் அவருடையதுதான் என்று ஊர் முடிவுகட்டியது.

"நீ இருமினன்னு சொல்லிடட்டுமா?" என்று பாடகர் மனைவியிடம் கேட்டார்.

"வேணவே வேணாம். அந்தச் சனியன் உங்க தலையோட போகட்டும். என் பேரை எங்கயும் இழுக்கக் கூடாது, ஆமா" என்றாள். கொஞ்ச நாளில் பாடுவதை விட்டுவிட்டு நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள்.

மேடையில் அவர்தான் இரும வேண்டியிருந்தது. அவளைப் போல வரவழைக்கக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வாரம் பழகினார். அதன் பிறகு யாரும் அவருக்கு வேறு பாட்டுக் கொடுக்கவில்லை. "உங்க குரல் தங்கம்ணே. ஆனா நீங்க வாயைத் தொறந்தாலே சிரிப்பு வருது, நான் என்ன பண்ண" என்று ஒருவர் நேராகவே சொன்னார். பல் மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, "அப்படியே ஒரு லொக்கு" என்றார். வங்கியில், முடிதிருத்தும் கடையில், மகளின் பள்ளியில், எங்கும் அவர் 'அலமாரி'தான்.

அந்த இசையமைப்பாளர் இறந்தபோது இரங்கல் கூட்டத்தில் அந்த நாடகத்தின் பழைய சோகப் பாட்டைப் பாடப் பாடகர் எழுந்தார். முதல் வரி முடிவதற்குள் பின்வரிசையில் ஒருவர் மெல்ல இருமினார். அடுத்து இன்னொருவர். இறந்தவரின் மகனே கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். பாடகர் பாட்டை நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரி வரை பாடினார்.

பாட்டுக்கு இருபத்தைந்து வயதான வருஷம், வானொலியில் அதன் வரலாற்றைச் சொல்லக் கூப்பிட்டார்கள். ஜன்னல் இல்லாத சின்ன அறை. பேட்டி எடுத்த பெண் சிரித்த முகமாக, "அந்த இருமல் எப்படி சார் தோணிச்சு?" என்றாள். எத்தனையாவது தடவையோ.

"அது நான் இல்லம்மா. என் மனைவி."

சொன்னதும் நெஞ்சில் இருந்த பாறாங்கல் உருண்டதுபோல இருந்தது. அது எங்கே போய் விழுந்தது என்பது மறுநாள்தான் தெரிந்தது.

நூலகத்தில் புத்தகம் திருப்ப வந்தவர்கள் வரிசையில் நின்று இருமினார்கள். அமைதி காக்கவும் என்ற பலகைக்குக் கீழேயே நின்று, "அக்கா, ஒரே ஒரு தடவை" என்று கெஞ்சினார்கள். வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஒண்ணே ஒண்ணுதானே கேட்டேன் உங்ககிட்ட."

"தாங்க முடியலம்மா. அடக்கி வெச்சது வெளிய வந்திடுச்சு."

"உங்களுக்குத் தாங்கலன்னா எடுத்து என் தலையில வெப்பீங்களா?"

பதினொரு நாள் அவள் பேசவில்லை. நகர மண்டபத்தில் பாட்டுக்கு விழா எடுத்தவர்கள் இருவரும் வந்தே தீர வேண்டும் என்றார்கள். அவள் வரமாட்டாள் என்றே நினைத்திருந்தார். அவளோ புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள்.

மேடையில் முதல் வரியைப் பாடினார். வாத்தியங்கள் நின்றன. மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தது. அவள் உதட்டை இறுக்கி மூடி நின்றாள். கடைசியில் ஒலிவாங்கியை இழுத்து, "எனக்குச் சளி இல்லங்க" என்றாள்.

உண்மையாகத்தான் சொன்னாள். மண்டபம் இடிந்து விழுவதுபோலச் சிரித்தது. எழுந்து நின்று கைதட்டினார்கள். அவள் முகம் வெளிறியதை அவர் ஒருவர்தான் பார்த்தார்.

அந்த வாரமே, "அக்கா சளி இல்லன்னு சொல்றது இருக்கே, அதுவும் வேணும்" என்று மூன்று ஊர்களிலிருந்து அழைப்பு வந்தது. அவர் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு, "முடியாதுன்னு சொல்லிடறேன்" என்றார்.

"சொன்னா மட்டும் விட்டுடுவாங்களா? இன்னைக்கு நூலகத்துல எட்டுப் பேர் கேட்டாச்சு." அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "உங்களை நான் இன்னும் மன்னிக்கல. ஆனா இருபத்தஞ்சு வருஷம் எப்படித்தான் இருந்தீங்களோ."

தொலைபேசியில் அந்த ஆள் அலோ அலோ என்று கத்திக்கொண்டிருந்தான்.

"ஞாயித்துக்கிழமையா இருந்தா வரோம்னு சொல்லுங்க" என்றாள். "மத்த நாள் எனக்கு வேலை இருக்கு."