விட்டுப் பிடித்தல்

அந்த அறைக்குள் போகிற எவரும் செல்போனை வெளியே உள்ள பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அமைச்சரே வந்தாலும் அதே கதைதான். போதைப்பொருள் உளவுப் பிரிவின் இயக்குநராக வந்த புதிதில் அவள் போட்ட சட்டம் அது. இன்னொரு சட்டமும் போட்டிருந்தாள். சரக்கு சுமப்பவனைக் கேமராவில் பின்தொடரும்போது திரையில் அவன் முகத்தை மறைத்துவிட வேண்டும். பெயர் கிடையாது, எண் மட்டும்தான். முன்பு ஒரு அதிகாரி தன் மச்சானைத் திரையில் பார்த்துவிட்டு அவசர அவசரமாகப் போன் போட்டு, பல மாத உழைப்பைக் கெடுத்துக் குட்டிச்சுவராக்கினான். அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு இது. "இந்த ரூமுக்குள்ள யாருக்கும் சொந்தக்காரன்னு ஒருத்தன் கிடையாது" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். சொல்வதற்கு நன்றாகத்தான் இருந்தது.

அன்று திரையில் விமான நிலையம் ஓடிக்கொண்டிருந்தது. புறப்பாட்டுக் கூடத்தில் ஏழாம் எண் ஆள் ஒரு பெரிய கறுப்புப் பையோடு உட்கார்ந்திருந்தான். தொப்பி, சாம்பல் நிறச் சட்டை, கழுத்துக்கு மேலே கலங்கிய ஒரு வட்டம். பையின் அடித்தட்டில் என்ன இருக்கிறது என்று அறையில் எல்லோருக்கும் தெரியும். அவனை அங்கேயே அமுக்கிவிடலாம். அமுக்கினால் சுமந்தவன் மட்டும்தான் மாட்டுவான்; அவனுக்கு மேலே யார் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. அதனால் விமானம் ஏற விட்டு, இறங்குகிற நாட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி, பையை வாங்க வருகிறவனோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். விட்டுப் பிடிக்கிறது என்று அதற்குப் பெயர். இறங்குகிற நாட்டில் இவ்வளவு எடைக்குத் தூக்குத்தான். அதுவும் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அறைக்குள் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

"மேடம், ஆள் நெளியறான்" என்றார் துணை இயக்குநர். அவருக்கு ஆபீசில் மோப்பம் என்று பெயர். வருஷம் பூராவும் ஜலதோஷம் பிடித்த அந்த மூக்குக்கு யார் அப்படிப் பெயர் வைத்தார்களோ, ஆனால் மனுஷருக்கு வாசனை தெரியும்.

ஏழாம் எண் எழுந்து நின்று யாருக்கோ போன் போட்டான். எடுக்கவில்லை. திரும்பப் போட்டான். பையை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தான், அடியைத் தடவினான், மறுபடியும் போனைக் காதில் வைத்தான்.

"முதலாளிக்குத்தான் அடிக்கிறான்."

"எடுக்க மாட்டான்" என்று அவள் சிரித்தாள். "கடைசி நேரத்துல எந்த முதலாளி எடுத்திருக்கான்?"

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். ஏழாம் எண் பையை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நடக்க ஆரம்பித்தான். அந்தப் பக்கம் கழிப்பறை இருந்தது. அதைத் தாண்டிப் பாதுகாப்பு அதிகாரியின் மேசையும் இருந்தது.

"பையைக் கழிச்சுக் கட்டப் போறான் மேடம். தூக்கிடலாமா? இல்லேன்னா கதை கந்தலாயிடும்."

அவள் ஒரு நொடி யோசித்தாள். பல மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தது அந்த மறுமுனை ஆளுக்காக. "வேண்டாம். நம்ம ஆளை அனுப்புங்க. ஏத்தி விடட்டும்."

விமான நிறுவனச் சட்டை போட்ட அவர்களுடைய ஆள் ஓடிப் போய் அவன் தோளைத் தொட்டான். கேட் மூடப் போகிறார்கள், ஓடுங்க தம்பி என்று சொல்லியிருப்பான். ஏழாம் எண் மேசைப் பக்கம் கையைக் காட்டி ஏதோ சொல்ல வந்தான். நம்ம ஆள் காதில் வாங்கவில்லை. பையைத் தானே தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினான். பாவம், அவனும் பின்னாலேயே ஓடினான்.

மதியம் கழிந்து தகவல் வந்தது. பையை வாங்க வந்தவன், அவனுக்கு வண்டி ஓட்டியவன், அவர்களுக்கு மேலே இருந்த பெரும்புள்ளி, எல்லோரும் கூண்டோடு அகப்பட்டார்கள். மோப்பம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கைதட்டினார். தலைமைச் செயலர் அவளைத் தனியாக அழைத்துப் பாராட்டினார். அதற்குப் பிறகுதான் அவள் பெட்டியைத் திறந்து போனை எடுத்தாள். தம்பி மகன் வரிசையாகக் கூப்பிட்டிருந்தான்.

வாலு என்றுதான் அவனை வீட்டில் கூப்பிடுவார்கள். தாயில்லாப் பிள்ளை. தம்பி வேலைக்குப் போய்விட்டால் அவள் இடுப்பில்தான் வளர்ந்தான். அவளுக்கென்று பிள்ளை கிடையாது. பையன் வளர்ந்து மீசை வைத்த பிறகும் அவள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்துதான் முதலில் நலம் விசாரிப்பான். அவள் திரும்பக் கூப்பிட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. தம்பியைக் கூப்பிட்டாள்.

"அவனா? வெளிநாட்டு வேலை கிடைச்சிடுச்சுக்கா! திடீர்னு நேத்துதான் டிக்கெட் வந்துச்சு. உன்கிட்ட போய்ச் சேர்ந்து சொல்லி அசத்தறேன்னான். ஏஜெண்ட் ஏதோ சாம்பிள் பை கொடுத்தானாம், ஏர்போர்ட்லேருந்து போன் பண்ணி, 'பை கனமா இருக்குப்பா, சந்தேகமா இருக்கு, அத்தையைக் கேக்கறேன்'னான். நீ சொல்லியிருப்பேல்ல?"

"என்ன சட்டை போட்டிருந்தான்?"

"நீ வாங்கிக் கொடுத்த சாம்பல் கலர்தான். ஏன்க்கா?"

அந்த நீளமான நடைபாதையில், சுவரைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு ஒரு சத்தம் போட்டாள். மோப்பம் ஓடி வந்தார்.

அதற்குப் பிறகு அவள் செய்யாததில்லை. தலைமைச் செயலரிடம் போய், அவன் பையை ஒப்படைக்கத்தான் மேசைக்குப் போனான், நம் பதிவிலேயே இருக்கிறது, அந்த நாட்டு நீதிமன்றத்துக்கு அனுப்புங்கள் என்றாள். அவர் நல்லவர். கண் கலங்கத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, "இரண்டு நாட்டு ஒப்பந்தம் இருக்கேம்மா. நாம பகிர்ந்த எதையும் கோர்ட்ல காட்டக் கூடாது. அந்த வரியை எழுதினதே நீங்கதானே" என்றார். தகவல் கொடுப்பவர்கள் உயிருக்கு ஆபத்து வரக்கூடாது என்று எழுதிய வரி. இன்றைக்கும் அது சரியான வரிதான், அதுதான் கொடுமை.

வேலையை உதறிவிட்டு, சாதாரண மனுஷியாக அந்த நாட்டுக்குப் போனாள். வாலுவும் தம்பியும் இல்லாத மூடிய அறையில் நீதிபதி முன் எல்லாவற்றையும் சொன்னாள். விமான நிறுவன ஆள் ஒருவர் தன்னை அவசரப்படுத்தினார், அவரைக் கண்டுபிடித்தால் சாட்சி சொல்வார் என்று வாலு வக்கீலிடம் நச்சரித்துக்கொண்டிருந்தான். அந்த ஆளே எங்கள் ஆள்தான் என்றும் சொன்னாள். அப்படி ஒரு நடவடிக்கையே நடக்கவில்லை என்று அவளுடைய பழைய ஆபீஸ் பதில் அனுப்பியது. பெற்ற தாய் போல வளர்த்த அத்தை இப்படித்தான் சொல்வாள் என்று நீதிபதி மரியாதையாகச் சொல்லி, தூக்குத் தண்டனை கொடுத்தார். மேல்முறையீடும் தோற்றுப் போயிற்று. மிச்சம் இருந்தது கருணை மனு ஒன்றுதான்.

சிறையில் பார்வையாளர் அறை சுத்தமாக, பளிச்சென்று இருந்தது. தம்பி பக்கத்து நாற்காலிக்காரரிடம் கையைக் காலை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான். "எங்க அக்கா, பெரிய உத்தியோகம். இவனுக்காக அதையே தூக்கிப் போட்டுட்டு வந்து நிக்கிறா. அவ இருக்கறப்ப எனக்கென்ன?" மொழி புரியாத அந்த மனிதரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அதை அவளால் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை. தம்பியை ஜன்னல் ஓரம் கூட்டிப் போய், ஒன்று விடாமல் சொன்னாள்.

தம்பி கத்துவான், அடித்தாலும் அடிப்பான் என்று நினைத்தாள். அவன் ஜன்னல் கம்பியைப் பார்த்தபடியே கேட்டான்.

"மூஞ்சி தெரியலையா?"

"மறைச்சிருந்தோம்டா."

"சரி. நடை?" என்றான். "நடை தெரியலையாக்கா? உன் விரலைப் பிடிச்சு நடக்கக் கத்துக்கிட்ட பையன். நான் தெருக்கோடியில வர்றப்பவே கண்டுபிடிச்சுடுவேனே."

அன்று அவள் நடையைப் பார்க்கவில்லை. பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காவலர் வந்து, ஒரு நேரத்தில் ஒருவர்தான் என்று சைகை காட்டினார். தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவளைப் பார்க்காமலே பேசினான்.

"நீ போ முதல்ல. உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கான்."

"நான் எப்படிடா..."

"போக்கா. என்கிட்ட சொன்னதை அவன்கிட்ட சொல்லிடாதே. நீ காப்பாத்திடுவேங்கற ஒரே தைரியத்துலதான் அவன் சோறு திங்கறான். அதையும் பிடுங்கிடாதே."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாலு ஏற்கெனவே போன் ரிசீவரைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். அவளைக் கண்டதும் முகம் முழுக்கச் சிரிப்பு.

"வந்துட்டியா அத்தை! நேத்துலேருந்து இங்க எல்லார்கிட்டயும் அலட்டிக்கிட்டிருக்கேன். என்ன இவ்வளவு கறுத்துப் போயிட்டே? சாப்பிடறதில்லையா?"

"சாப்பிடறேன்டா. நீ?"

"என்னை விடு. கருணை மனு நீயே எழுதறியாமே. வக்கீல் சொன்னார். அப்ப முடிஞ்ச மாதிரிதான்." குரலைத் தாழ்த்தினான். "அத்தை, ஒண்ணு கேட்டா திட்டக் கூடாது. பக்கத்து ரூம்ல ஒருத்தன் இருக்கான். என் வயசுதான். அவனுக்கு வீட்டுலேருந்து யாருமே வர்றதில்லை. ராத்திரியெல்லாம் அழறான். எங்க அத்தைகிட்ட சொல்றேன், உன் கேசையும் சேர்த்துப் பார்த்துடுவாங்கன்னு சொல்லிட்டேன். பாப்பியா?"

அவள் ரிசீவரை இறுகப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடியில் அவன் மூச்சு பட்டுப் பட்டு மறைந்துகொண்டிருந்தது.

"பாக்கறேன்டா."

"தெரியும் எனக்கு" என்று அவன் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.