துடைத்த டம்ளர்

சொக்கம்மாள் பேப்பர் கப் பொட்டலத்தைப் பிரித்து, ஒன்றை மட்டும் எடுத்து மேசையில் கவிழ்த்து வைத்தாள். மருமகளோடு கிளினிக்கில் வேலை பார்க்கும் மணிமுத்து சாயங்காலம் வருவதாக இருந்தது. அவன் எந்தத் தெருக்காரன் என்று அவள் முன்பே விசாரித்துவிட்டாள். இந்த வீட்டில் நம்மவர்களுக்கு எவர்சில்வர் டம்ளர். மற்றவர்களுக்குப் பேப்பர் கப். யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அவன் எதற்கு வருகிறான் என்பதை மருமகள் உமா மகேஸ்வரியும் சொல்லவில்லை. மகனை இழந்த அம்மாவிடம், உங்கள் மருமகளைப் பெண் கேட்க ஒருவன் வருகிறான் என்று எப்படித் தொடங்குவது? மகன் கோமதிசங்கர் இறந்துபோன பிறகு வீட்டில் அவர்கள் இருவர்தான்.

சாரல் நிற்கவில்லை. குற்றாலத்துக்குப் போகும் வேன்கள் பாட்டுச் சத்தத்தோடு மேலகரத்தைக் கடந்தன. உமாவுக்கு எந்த வேலையும் ஓடவில்லை. பாதியில் விட்டிருந்த பிரெஞ்சுப் படத்தை டிவியில் போட்டாள். திராட்சைத் தோட்டக்காரன் ஒருவனின் மனைவி. பியானோவுக்குச் சுருதி சேர்க்க வருகிற இன்னொருவன். கதை அவ்வளவுதான். அவன் கம்பியை முறுக்குவான். அவள் ஜன்னலோரம் பட்டாணி உரிப்பாள். பட்டாணி கிண்ணத்தில் விழும் சத்தம் தனியாகக் கேட்டது. அதைக் கேட்டபடி எவ்வளவு நேரமும் உட்கார்ந்திருக்கலாம் போலிருந்தது உமாவுக்கு.

"என்னட்டி, சத்தத்தக் கூட்டு."

"சத்தம் இருக்கு அத்தை. அவங்கதான் பேசல."

"பேசாம இருக்கதுக்கு எதுக்குப் படம்?"

சொன்னாளே தவிர, சொக்கம்மாள் எழுந்து போகவில்லை. கீழே ஓடும் ஆங்கில எழுத்தை உமா வாசித்துச் சொன்னாள்.

"மழை வரும் போலங்கான். அவ ஆமாங்கா."

"மூஞ்சியப் பாத்தா மழையப் பத்திப் பேசுத மாதிரியா இருக்கு? புருசங்காரன் எங்க?"

"சந்தைக்குப் போயிருக்கான்."

"போவான். இந்த நேரம் பாத்துதான் போவான்."

உமா சிரித்துவிட்டாள். சொக்கம்மாளும் சிரித்தாள். பிறகு அவள் கேலி குறைந்தது. நாற்காலியை டிவிக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அந்தப் பெண் அவனுக்கு நீலக் கோப்பையில் காபி கொடுத்தாள். அவன் குடித்துவிட்டுப் போனான். அவள் கோப்பையைக் கழுவினாள். துணியால் உள்ளும் புறமும் துடைத்தாள். வரிசையில் மற்ற கோப்பைகளோடு, பிடி ஒரே பக்கம் பார்க்கும்படி வைத்தாள்.

"கழுவுனா சரி. எதுக்கு இந்தத் தொட தொடைக்கா?"

"ஈரமா இருந்தா ஆள் வந்து போனது தெரிஞ்சிரும்லா."

"கீழ அப்படி எழுதியிருக்கா?"

உமா திரையைப் பார்த்தாள். எழுத்தே இல்லை.

"இல்ல அத்தை."

சொக்கம்மாள் திரும்பவில்லை. "வியாழக்கெழம நான் கோயில்ல இருந்து வாரேன். எல்லாப் பாத்திரமும் சொட்டச் சொட்டக் கெடக்கு. ஒரு டம்ளர் மட்டும் பளபளன்னு இருக்கு. நீ என்னைக்குட்டி பாத்திரத்தத் தொடச்சு வச்சிருக்க?"

அன்று மழையில் நனைந்து வந்த மணிமுத்து டம்ளரை வாங்கிப் பார்த்து, "பேப்பர் கப்பு தீந்து போச்சோ?" என்று சிரித்திருந்தான். உமாவுக்கு இப்போது அந்தச் சிரிப்புதான் நினைவுக்கு வந்தது. ரிமோட்டை எடுத்தாள்.

"நிறுத்தாத. அவ என்ன செய்யுதான்னு பாப்போம்."

"அத்தை, அவரு இன்னைக்கு என்னப் பொண்ணு கேக்கத்தான் வாராரு. உங்கள விட்டுட்டு நான் எங்கயும் போகமாட்டேன். அதையும் அவருட்ட சொல்லிட்டேன்."

படத்தில் அவன் கருவிப் பெட்டியை வண்டியில் ஏற்றினான். அவள் வாசலில் ஈரக் கையோடு நின்றாள். அவன் ஏதோ சொன்னான். உமா வாசிக்க வாயெடுத்தாள்.

"வாசிக்காத," என்றாள் சொக்கம்மாள். "தெரியுது."

இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டி மரங்களுக்கிடையே சிறிதாகி மறைந்தது. அதன்பிறகும் படம் அந்தப் பாதையிலேயே நின்றது.

வாசல் கேட் கிறீச்சிட்டது. மணிமுத்து குடையை மடக்கி நீரை உதறுவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. சொக்கம்மாள் எழுந்தாள். மேசையருகே ஒரு கணம் நின்றாள். பிறகு அடுக்களைக்குள் போனாள்.

கவிழ்ந்திருந்த பேப்பர் கப் ஃபேன் காற்றில் மெல்ல நகர்ந்து மேசை விளிம்புக்கு வந்தது. உமா அதைத் தொடவில்லை. உள்ளே அடுப்புப் பற்றும் ஓசை. பால் சட்டியை வைக்கும் ஓசை. டம்ளர் ஓசைக்காக அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.