யாரும் வட்டம் போடாத இடம்

துறைமுகத்தில் அவருக்குப் பூட்டு என்று பட்டப்பெயர். எங்கே மீன் பிடித்தீர்கள் என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டார். திறந்தாலும் பொய்தான் வரும். அதற்காக அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. மீன் கிடைத்த இடத்தை உள்ளது உள்ளபடி சொன்னவன் என்று அந்தத் துறைமுகத்தில் ஒருவனையும் காட்ட முடியாது. மற்றவர்கள் வாயால் பொய் சொன்னார்கள். பூட்டு படகாலும் சொன்னார்.

வடக்கே மூன்று மணி நேர ஓட்டத்தில், கடலுக்கடியில் ஒரு பாறைத்திட்டு. பதினாறு வருடங்களுக்கு முன்னால் நங்கூரம் மாட்டிக்கொண்டபோது தற்செயலாகக் கண்டுபிடித்தார். மீன்கள் முட்டையிட வரும் இடம். அங்கே அவர் வலையே போட்டதில்லை, தூண்டில் மட்டும்தான். முட்டையிடும் மாதங்களில் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். பெரிய புண்ணியவான் என்று நினைத்துவிட வேண்டாம். தன் சொத்தைத் தானே அழிக்க யாருக்கு மனசு வரும்? புறப்படும்போது ஊர் பார்க்கத் தெற்கே போவார், கரை மறைந்ததும் வடக்கே திரும்புவார். திரும்பி வரும்போதும் அதே சுற்று. நங்கூரத்தில் ஒட்டிய சிவப்புச் சரளையைத் துறைமுகத்துக்கு வெளியிலேயே தேய்த்துக் கழுவிவிடுவார். ஜி.பி.எஸ்ஸில் பதிவானதை அன்றன்றே அழித்துவிடுவார். அந்தப் பாறைதான் அவர் வீட்டு அடுப்பு எரிந்ததற்குக் காரணம்.

கூடப் பிறந்த தம்பிக்கும் ஒரு படகு இருந்தது. அவனும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டான்.

"எங்கண்ணே போனீங்க?"

"தெக்கதான்டா. வெறும் சேறு. என்னமோ இன்னிக்கு அதிர்ஷ்டம்."

தினமும் எப்படித்தான் அதிர்ஷ்டம் வருகிறதோ என்று தம்பி முனகிக்கொண்டே போவான்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் கடலில் காற்றாலை நடப்போகும் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். மீன் ஏலக்கூடத்தில் ஈரம் படாத ஒரு மூலையைத் தேடிப் பிடித்து மேஜை போட்டு, கடல் வரைபடத்தை விரித்து, ஒவ்வொருவர் கையிலும் சிவப்புப் பேனாவைக் கொடுத்தாள். "நீங்க வழக்கமா மீன் பிடிக்கிற இடத்துல வட்டம் போடுங்க. யாரும் பிடிக்காத இடமாப் பாத்துத்தான் காத்தாடி நடுவோம்" என்று நிறுத்தி நிதானமாகத்தான் சொன்னாள். பூட்டின் காதில் அது ஏறவில்லை. அவருக்குப் பின்னால் வரிசையில் தம்பி நின்றிருந்தான். அண்ணனுடைய பேனா எங்கே போகிறது என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பூட்டு தெற்குச் சேற்றில் பெரிதாக ஒரு வட்டம் போட்டார். கீழே கையெழுத்தும் போட்டார்.

தம்பி அந்த வட்டத்தை நம்பினான். கம்பெனிக்காரியிடம், அதுவும் கையெழுத்துப் போட்டு, அண்ணன் பொய் சொல்வார் என்று அவன் நினைக்கவில்லை. ஒரு பருவம் முழுக்க அந்தச் சேற்றிலேயே வலையை இழுத்தான். வந்ததெல்லாம் ஜெல்லி மீனும் சகதியும்தான். பூட்டுக்கு எல்லாம் தெரியும். தம்பி படகுத் தட்டில் சகதியை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதைப் பக்கத்துப் படகிலிருந்து பார்த்தார். நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றே அந்தப் பருவத்தை ஓட்டிவிட்டார். தம்பி படகை விற்றான். கடலை அளக்கும் கம்பெனிக் கப்பலுக்குக் காவல் போகும் படகில் வேலைக்குச் சேர்ந்து, மீன்பிடிப் படகுகளை விரட்டும் ஆரஞ்சு நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டான்.

ஒரு நாள் அந்தக் காவல் படகு ரோந்து சுற்றிக்கொண்டு பாறைப் பக்கமே வந்துவிட்டது. தம்பிதான் ஓட்டிக்கொண்டிருந்தான். நங்கூரம் போட்டு நிற்கும் அண்ணனைப் பார்த்தான். தட்டு நிறையத் துள்ளும் மீனைப் பார்த்தான். படகைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

நான்கு மாதம் கழித்துக் கம்பெனி தன் வரைபடத்தை ஏலக்கூடத்தில் ஒட்டி, ஊரிடம் கருத்துக் கேட்க ஒரு கூட்டத்துக்கும் நாள் குறித்தது. அறுபத்திரண்டு காற்றாலைகள், பாறையின் மேலும் அதைச் சுற்றியும்.

"கூட்டத்துல எந்திரிச்சு உண்மையைச் சொல்லுங்க" என்றாள் மனைவி. "வெக்கமா இருந்தா கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுங்க. அந்தப் பாறை போச்சுன்னா நாமளும் போச்சு." கையோடு அவரை இழுத்துக்கொண்டு அவளும் வந்து முன்வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பூட்டு எழுந்து சொன்னார். பதினாறு வருடத்தையும் சொன்னார். மண்டபமே வாயைப் பிளந்தது.

அதே பெண்தான் மேடையில் இருந்தாள். ஒரு தாளைத் தூக்கிக் காட்டினாள். "இது உங்க கையெழுத்துதானேங்க? தெக்க வட்டம் போட்டிருக்கீங்க."

"அது பொய்ம்மா."

பின்வரிசையில் சிரித்தார்கள். சிரித்தவர்கள் போட்ட வட்டங்களும் அதே லட்சணம்தான்.

"பாறை இருக்கறது எங்களுக்கும் தெரியும்" என்றாள் அவள். "அங்க மீன்பிடி நடந்துச்சுங்கறதுக்குத்தான் ஆதாரம் இல்ல."

"தூண் அடிக்கிற சத்தத்துல முட்டையிட வர்ற மீனெல்லாம் ஓடிடும்மா. மறுபடி வராது."

"கொஞ்ச நாள்ல வந்துடுங்க. தூண்ல பாசியும் சிப்பியும் பிடிச்சு, முன்னைவிட நிறைய மீன் சேரும்."

"சேந்தா நாங்க பிடிக்கலாமா?"

"இல்லைங்க. பாதுகாப்புக்காக ஐந்நூறு மீட்டர் தள்ளித்தான் நிக்கணும்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவளுக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும். குரலை இறக்கிக்கொண்டு, "நீங்க அங்க பிடிச்சதைப் பாத்தவங்க ஒரே ஒருத்தர் சொன்னாக்கூடப் போதும். காத்தாடியைத் தள்ளி நட முடியுமான்னு மேல எழுதறேன்" என்றாள்.

ஒருத்தர்! ஒரு கண்ணும் பார்த்துவிடக் கூடாது என்றுதானே மனிதர் பதினாறு வருடம் பாடுபட்டார்? பூட்டு திரும்பினார். வாசல் ஓரத்தில் ஆரஞ்சுச் சட்டை நின்றிருந்தது.

"என் தம்பி பாத்திருக்கான்."

எல்லாத் தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின. அந்த வீட்டில் ஒரு படகு போன கதை அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். தம்பி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பவனைப் போல நின்றான். குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை.

"நான் பாத்ததில்லைங்க. அங்க மீன் இருந்திருந்தா எங்கண்ணன் எங்கிட்டச் சொல்லாம இருந்திருப்பாரா? கூடப் பிறந்தவர். நான் ஒரு பருவம் முழுக்கச் சேத்துல கிடந்து படகை வித்தப்பவும் பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டு இருந்தவர். அப்பகூட வடக்க போடான்னு ஒரு வார்த்தை சொல்லலை. இருந்தாத்தானேங்க சொல்லுவார்?"

அந்தப் பெண் அதைத் தாளில் எழுதிக்கொண்டாள்.

அவன் பொய் சொல்கிறான் என்று கத்தப் பூட்டு வாயைத் திறந்தார். மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"போதும், உக்காருங்க" என்றாள்.