அமரர் இரத்தினம்மா நினைவுத் தட்டு

மாத்தளை அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தர்மராஜாவுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. கட்சித் தலைவர் பவித்ரனின் குடும்பத்தில் யார் இறந்தாலும் ஓடிப்போய், அங்கே கொடுக்கிற ஞாபகப் பொருளைக் கொண்டுவந்து கண்ணாடி அலுமாரியில் அடுக்கிவிடுவார். தலைவரின் அப்பாவுக்குப் போட்ட நினைவு மலர், அவர் படம் அச்சடித்த விசிறி, தலைவரின் அண்ணன் தனுஜனின் முப்பத்தோராம் நாளில் கொடுத்த செம்பு என்று எல்லாம் இருந்தன. தனுஜனின் மூக்குக் கண்ணாடியும் இருந்தது. அதைப் பிரேதம் எடுக்குமுன்னே தாயாரிடம் கேட்டு வாங்கியிருந்தார். வெட்கம் என்றால் என்ன விலை என்று கேட்கிற மனுஷன்.

"செத்த வீட்டுச் சாமான நடுவீட்டுல வைக்காதீங்கன்னா கேக்குறீங்களா?" என்று மனைவி பிரவீனா தலையில் அடித்துக்கொள்வாள்.

"நாளைக்கு இதுதான் சரித்திரம்" என்பார் இவர்.

ஒரு மாதம் மனைவியோடு யாழ்ப்பாணத்தில் தங்கை வீட்டில் இருந்துவிட்டு வந்த மறுநாள், குக்கருக்கு வாஷர் வாங்க அன்ஸாப்பின் பாத்திரக் கடைக்குப் போனார். அன்ஸாப் அவரைக் கண்டதும் உள்ளே போய் ஒரு சில்வர் தட்டோடு வந்தான்.

"சேர், உங்களுக்குன்னு ஒண்ணு எடுத்து வச்சேன்."

தட்டின் நடுவில் 'அமரர் இரத்தினம்மா நினைவாக' என்று வெட்டியிருந்தது. இரத்தினம்மா தலைவரின் தாயார்.

"ஐயோ! எப்ப நடந்துச்சு?"

"அது தெரியல்ல சேர். தலைவர்ட ஆள் வந்து இருநூறு தட்டுல பேர் வெட்டச் சொன்னார். தேதி போட வேணாம்னுட்டார். நீங்க ஊர்ல இல்லாத நேரம்தான்."

தர்மராஜாவுக்குத் துக்கத்தை விடக் கோபம்தான் முதலில் வந்தது. இத்தனை வருடம் விசுவாசமாக இருந்தவனுக்கு ஒரு போன் எடுத்துச் சொல்லக் கூடாதா? வாஷரை மறந்துவிட்டு வீட்டுக்குப் போய் வெள்ளை வேட்டி கட்டினார். படத்துக்குப் போட ஒரு மாலையும் வாங்கிக்கொண்டு, தலைவரின் ஊரான நாவுலவுக்குப் பஸ் ஏறினார். தட்டைக் கடையில் எடுத்தோம் என்று சொல்ல வேண்டாம், வீட்டாரின் கையாலேயே இன்னொன்று வாங்கிவிடலாம் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டார்.

தலைவர் வீட்டுக் கதவைத் தட்டினார். கதவைத் திறந்தது இரத்தினம்மா.

கிழவி அவர் முகத்தைப் பார்த்தாள். வேட்டியைப் பார்த்தாள். கையிலிருந்த மாலையைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகத்தில் இரத்தம் வற்றியது.

"தம்பி, என் பவித்ரனுக்கு என்ன ஆச்சு?"

அப்போதுதான் தர்மராஜாவுக்கு உறைத்தது. புருஷன் செத்த அன்றைக்கு வந்தார், மூத்த மகன் செத்த அன்றைக்கு வந்தார். சும்மா ஒரு நாள் அந்த வீட்டுப் படி ஏறியதில்லை. அவளுக்கு மிச்சம் இருக்கிறது ஒரே பிள்ளை.

"ஒண்ணுமில்லம்மா."

"பெரியவன் போனன்னைக்கும் ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாங்க. மறைக்காம சொல்லுங்க."

"இந்த மாலை கோயிலுக்கும்மா."

"கோயிலுக்கு வாங்கின மாலைய ஏன் இங்க கொண்டு வந்தீங்க?"

அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலைக்கதவில் சரிந்து உட்கார்ந்தாள். அவளைப் பார்த்துக்கொள்கிற பெண் தக்ஷாயினி உள்ளேயிருந்து ஓடிவந்து, தலைவருக்குப் போன் எடுத்தாள். போன் ஓஃப்.

"கொழும்புல மீட்டிங்கம்மா, அதான் ஓஃப் பண்ணியிருக்காரு" என்றவள் தர்மராஜாவின் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தாள். "போன மாசம்தான் ஆஸ்பத்திரியில டொக்டர்மார் கைய விரிச்சு, தப்பி வந்திருக்காங்க. இந்த இதயம் இதெல்லாம் தாங்குமா சேர்?"

தட்டு எப்படி வந்தது என்று அவருக்கு விளங்கிவிட்டது. பெற்றவள் மூச்சை இழுத்துக்கொண்டு கிடக்கும்போதே மகன் தட்டுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறான்! அந்தத் தட்டை இவர் ஆசை ஆசையாகப் பையில் வைத்துக்கொண்டு வந்து நிற்கிறார்.

இரத்தினம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "என் ராசா, என்ன விட்டுட்டுப் போயிட்டியா" என்று உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு ஒப்பாரி தொடங்கிவிட்டது. மூச்சு முட்டியது. உதடு நீலம் பாய்ந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் இவள் தன் கண் முன்னாலேயே போய்விடுவாள் என்று தர்மராஜா நடுங்கிப் போனார். பொய் சொல்லிப் பார்த்தாயிற்று, அவள் நம்பவில்லை. பைக்குள் கையை விட்டார்.

"அம்மா, நான் அவருக்கு வரல்ல. உங்களுக்குத்தான் வந்தேன்."

தக்ஷாயினி வாயைப் பொத்திக்கொண்டாள். கிழவி தட்டை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே பிடித்து, எழுத்தெழுத்தாக விரலால் தடவிப் படித்தாள்.

"நானா?"

"ஆமாம்மா. கடையில இந்தத் தட்டக் கண்டு, செத்துப் போயிட்டீங்கன்னு நெனச்சு..."

"நான்தானே? அவன் இல்லையே?"

"அவர் இல்லம்மா. சத்தியமா இல்ல."

"அப்பாடா! முருகா!"

அவள் சிரித்தாள். கண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள். உதட்டில் மெல்ல இரத்தம் திரும்பியது. தன் சாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தி இப்படிச் சிரிப்பாள் என்று தர்மராஜா கனவிலும் நினைத்ததில்லை. அவருக்கு அழுகை வந்தது. இந்த வீட்டில் அவர் அழுதது அன்றைக்குத்தான்.

"பிள்ள, தம்பிக்குத் தேத்தண்ணி போடு" என்றாள். பிறகு, விலை விசாரிக்கிறவள் போல, "எத்தன வெட்டச் சொல்லியிருக்கான்?" என்று கேட்டாள்.

"இருநூறும்மா."

அவள் தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போது போன் அடித்தது. தக்ஷாயினி அதை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா? மிஸ்ட் கோல் இருந்துச்சு. என்ன விசயம்?"

குரலைக் கேட்டதும் இரத்தினம்மா கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டாள்.

"ஒண்ணுமில்லப்பா. நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேம்மா."

"தட்டு பார்த்தேன். நல்லா வெட்டியிருக்கான். ஆனா இருநூறு பத்தாதுப்பா. நம்ம சனம் நெறைய வரும், கூடச் சொல்லி வை."